மதிப்பெண்ணைத் தாண்டி ஷேக்ஸ்பியரைச் சொல்லிக்கொடுத்தவர்... மெட்ராஸின் வில்லியம் மில்லர்!

பொதுத்தேர்வு நெருங்கினால் நம் வீடுகளில் பாடப்புத்தகத்துக்கு இருக்கும் மரியாதை கொஞ்சம் குறைந்துவிடும். மேஜை முழுக்க கைடுதான். கணக்குக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று, தமிழுக்குக் கேட்கவே வேண்டாம், கோனார் உரை. ஆங்கிலத்துக்கு மட்டும் சில வீடுகளில் ரெண்டு. ஏனென்றால், பிள்ளைகள் அதிகம் பயப்படுவதும் ஆங்கிலத்துக்குத்தான். பெற்றோர் சொல்லிக்கொடுக்கத் தயங்குவதும் ஆங்கிலத்தைத்தான்.

செஞ்சிக்குப் பக்கத்தில் தொண்டூரில் ஒரு பிளஸ் டூ பிள்ளை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் வந்த புதிய பாடநூலில் அந்தப் பிள்ளைக்கு ஒரு கவிதை உண்டு. எட்வின் மியூர் எழுதியது, தலைப்பு 'தி காஸில்'. யாராலும் பிடிக்கவே முடியாது என்று காவல் வீரர்கள் நம்பியிருந்த ஒரு கோட்டை, பணத்துக்கு ஆசைப்பட்ட ஒரே ஒரு வாயில்காவலனால் வீழ்ந்துபோகிற கதை. கைடைத் திறந்தால் எல்லாம் தயார். கவிதைச் சுருக்கம், மையக்கருத்து, அணிகள், இரண்டு மதிப்பெண் வினா, ஐந்து மதிப்பெண் வினா. மனப்பாடம் செய்தால் மார்க் வந்துவிடும்.

ஆனால், அந்தப் பிள்ளை செஞ்சிக்குப் போகும்போதெல்லாம் ஒரு கோட்டையைப் பார்க்கிறது இல்லையா? முகலாயப் படை சுமார் எட்டு ஆண்டுகள் சுற்றி நின்று போராட வேண்டியிருந்த கோட்டை. அதே கோட்டையை 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்துவிட்டார். எட்டு வருஷம் தாங்கிய கோட்டை, ஒரு ராத்திரியில் எப்படிப் போச்சு? கவிதை கேட்பதும் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான். ஆனால், கைடில் இந்தக் கேள்வி இருக்காது. இருக்கவும் முடியாது, அது செஞ்சிக்காக மட்டும் அச்சடித்தது இல்லையே!

பாடத்துக்கும் பிள்ளையின் வாழ்க்கைக்கும் நடுவில் இருக்கிற இந்த இடைவெளி இன்று நேற்று வந்ததல்ல. மெட்ராஸ் பல்கலைக்கழகத் தேர்வு தொடங்கிய நாளில் இருந்தே உண்டு. அந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே கிட்டத்தட்ட 45 வருஷம் இந்த ஊரில் உழைத்தவர் ஒருவர் இருந்தார். பெயர், வில்லியம் மில்லர். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியைக் கட்டி எழுப்பியவர் என்று சொன்னால் பலருக்கும் தெரியும். ஷேக்ஸ்பியரை நம் ஊர் மாணவர்களுக்காக எப்படிப் படித்துக் காட்டினார் என்பதுதான் பலருக்கும் தெரியாத கதை.

வடகோடியிலிருந்து ஒருவர்

1838-ல் ஸ்காட்லாந்தின் வடகோடியில், கெய்த்னஸ் பகுதியின் தர்சோ என்ற கடற்கரை ஊரில் பிறந்தார் மில்லர். அங்கிருந்து கடலைத் தாண்டினால் ஆர்க்னி தீவுகள். பிளஸ் டூ பாடத்தில் கோட்டைக் கவிதை எழுதியிருக்கும் எட்வின் மியூர் பிற்பாடு பிறந்தது அந்தத் தீவுகளில்தான். மில்லரும் மியூரும் ஒரே கடலின் இரு கரைக்காரர்கள் என்பது தற்செயல்தான், ஆனால் அழகான தற்செயல்.

அபர்தீனிலும் எடின்பரோவிலும் படித்த மில்லர், ஸ்காட்லாந்து சுதந்திரச் சபையின் மிஷனரியாக 1862 இறுதியில் மெட்ராஸ் வந்து இறங்கினார். வயது 24. சூயஸ் கால்வாய் திறக்காத காலம் அது. ஊருக்குத் திரும்பிப் போவது என்பதெல்லாம் நினைத்த நேரத்தில் நடக்கிற காரியம் இல்லை.

அவர் கையில் கொடுக்கப்பட்டது ஒரு பள்ளி. 1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற மிஷனரி தொடங்கியது. ஆண்டர்சன் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பழைய வேகம் இல்லாமல் தளர்ந்து கிடந்தது அந்தப் பள்ளி. அதைத் தூக்கி நிறுத்துவதுதான் 24 வயதுப் பையனுக்குக் கிடைத்த வேலை.

ஆங்கிலம் என்ற வாசல்

அந்த மெட்ராஸை ஒரு நிமிஷம் கற்பனை செய்துபாருங்கள். 1857-ல் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ. என்று படிப்படியாகத் தேர்வுகள். எல்லாப் படியிலும் ஆங்கிலம் கட்டாயம். மெட்ரிகுலேஷன் தேறினால் சர்க்கார் உத்தியோகத்தின் கதவு திறக்கும், தோற்றால் மூடும். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தோற்றுப்போவது அன்று சாதாரணம். பி.ஏ. ஃபெயில் என்பதையே ஒரு தகுதியாகப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்கள் என்று நம் தாத்தாக்கள் சிரித்துச் சிரித்துச் சொல்வார்களே, அந்தக் காலத்துச் சமாசாரம்தான் இது.

பனியையே பார்த்திராத பையன், பனிக்காலத்தைப் பாடும் கவிதைக்குப் பொருள் எழுத வேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லை. அகராதியும் எல்லோர் வீட்டிலும் இல்லை. என்ன செய்வான்? பாடத்துக்கு உரையும் விடையும் தரும் சின்னப் புத்தகங்களைத் தேடினான். 'கீ' என்று அதற்குப் பெயர். சாவி! பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது பாருங்கள். இலக்கியம் பூட்டிய பெட்டி, இது திறக்கிற சாவி. இன்றைய கைடின் கொள்ளுத்தாத்தா.

அந்தப் பையனைக் குறை சொல்ல நமக்கு மனசு வருமா? வராது. நிலத்தை அடகு வைத்துப் படிக்க அனுப்பிய அப்பாவுக்கு அவன் காட்ட வேண்டியது ரிசல்ட். இலக்கிய ரசனையை எந்தக் கடன்காரரும் வட்டியாக வாங்கிக்கொள்ள மாட்டார். இந்த நெருக்கடி நடுவில்தான் மில்லர் வகுப்பெடுத்தார்.

தங்கும் இடமே பள்ளி

மில்லரின் முதல் வெற்றி கட்டடத்திலும் நிர்வாகத்திலும்தான் தெரிந்தது. பள்ளியில் கல்லூரி வகுப்புகளைச் சேர்த்தார். ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்த மிஷன் சபைகளிடம், தனித்தனியாகச் சின்னச் சின்னக் கல்லூரிகள் வைப்பதைவிட எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல கல்லூரி நடத்தலாமே என்று பேசிப் பேசியே சம்மதிக்கவைத்தார். 1877-ல் அந்த நிறுவனம் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி ஆனது. மில்லர் அதன் முதல்வர். அடுத்த 30 ஆண்டுகள், 1907 வரை, அந்த நாற்காலி அவருடையது.

கல்லூரி அன்று இருந்தது தாம்பரத்தில் இல்லை. உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம், எஸ்பிளனேடில். திருநெல்வேலி, மதுரை, தென்னாற்காடு என்று எங்கெங்கோ இருந்து வந்த பையன்கள் அங்கே படித்தார்கள். அவர்கள் எங்கே தங்குவார்கள், என்ன சாப்பிடுவார்கள், மாலையில் யாரோடு பேசுவார்கள் என்பதையும் படிப்பின் பகுதியாகவே பார்த்தார் மில்லர். மாணவர் விடுதிகளை எழுப்பினார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். கல்லூரிக்காகச் சொந்தப் பணத்தையும் தாராளமாகச் செலவழித்தார்.

இந்த விஷயம் தொண்டூர்க்காரர்களுக்குப் புதிதாக இருக்காது. அந்த ஊர்ப் பாறையில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இன்றும் இருக்கின்றன, பழைய தமிழ் பிராமி எழுத்தோடு. துறவிகள் தங்கும் இடத்துக்குப் பள்ளி என்றுதான் பெயர். தங்கிய இடத்திலேயே பாடமும் நடந்ததால், அந்தச் சொல் நமக்குப் பள்ளிக்கூடமாகிவிட்டது என்பார்கள் அறிஞர்கள். படிப்பு என்பது பரீட்சைக்கு வந்துபோகும் இடமல்ல, கூடவே வாழும் இடம் என்பதை நம் மொழியே ஒரு சொல்லில் வைத்திருக்கிறது!

டென்னிசனுக்குக் கம்பர்

மில்லரின் வகுப்பைப் பற்றித் தமிழ்நாட்டில் ரொம்ப காலமாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. டென்னிசனின் கவிதை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தாராம் மில்லர். துடுப்புகள் அசைய நீரில் செல்லும் படகை அன்னத்துக்கு ஒப்பிட்டிருக்கும் இடம். இப்படி ஓர் உவமை உங்கள் மொழியில் உண்டா என்று கேட்டிருக்கிறார். ஒரு மாணவர் எழுந்து, குகன் ஓட்டிய ஓடத்தைக் கம்பர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அன்னத்தின் நடையோடு சேர்த்துப் பாடியிருக்கிறார் என்று பாடலைச் சொல்லி விளக்கினாராம். மில்லர் மகிழ்ந்துபோனார் என்கிறது அந்தக் கதை.

அந்த மாணவர் மதுரைப் பக்கத்து விளாச்சேரியில் 1870-ல் பிறந்த சூரியநாராயண சாஸ்திரி. பிற்காலத்தில் பரிதிமாற்கலைஞர் என்று தன் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர். படிப்பு முடிந்ததும் மில்லர் அவருக்குத் தத்துவத் துறையில் வேலை கொடுக்க முன்வந்தார். அவரோ தமிழாசிரியர் பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆங்கில நாடகங்களையும் வடமொழி மரபையும் படித்துவிட்டு 'நாடகவியல்' என்ற இலக்கண நூலும், 'ரூபாவதி', 'கலாவதி' போன்ற நாடகங்களும் எழுதினார். 1903-ல், வெறும் 33 வயதில் காசநோய்க்குப் பலியானார்.

கவனித்தீர்களா? டென்னிசன் வகுப்பில் ஒரு பையன் கம்பரைப் பேசியிருக்கிறான். அது சிலபஸில் இல்லை. தேர்வுக்கு வராது. ஆசிரியர் உட்கார் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

ஊரிலிருந்து வந்த கேள்வி

இப்போது மில்லரின் வாழ்க்கையில் இருந்த பெரிய சிக்கலுக்கு வருவோம். மாணவனுக்கு மார்க் மாதிரி, மில்லருக்கும் ஓர் எண் இருந்தது. அவரை அனுப்பிய சபையில் பலர் கேட்ட எண் அது. இத்தனை வருஷமாகக் கல்லூரி நடத்துகிறீர்களே, எத்தனை பேரை மதம் மாற்றினீர்கள்?

விடை சங்கடமானது. மிகக் குறைவு. படித்த பையன்களில் பெரும்பாலானோர் இந்துக்களாகவே வந்து, இந்துக்களாகவே போனார்கள். ஸ்காட்லாந்துச் சபையில் 1880-களில் இது பெரிய விவாதமானது. ஏழைகள் காணிக்கையாகப் போட்ட காசில் ஷேக்ஸ்பியர் பாடம் எதற்கு என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. கல்விப் பணியை மூடிவிட்டு நேரடியாகப் பிரசங்கத்துக்குப் போகலாம் என்றார்கள் சிலர்.

மில்லர் அசைந்துகொடுக்கவில்லை. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டவும் முயலவில்லை. சிந்தனைகளைச் சமூகத்தில் பரவவிடுவதே கல்லூரியின் வேலை, அறுவடை எப்போது, யார் கையால் என்பது தன் பொறுப்பல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். அவருடைய மத நோக்கத்தை நாம் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். ஆனால், சம்பளம் கொடுக்கும் இடமே கணக்குக் கேட்கும்போது, நான் செய்யும் வேலையை அந்தக் கணக்கால் அளக்க முடியாது என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும் இல்லையா? 1896-ல் அதே சபை அவரைத் தன் பொதுப்பேரவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. விவாதம் முடிந்ததோ இல்லையோ, மனிதர்மீது மரியாதை இருந்தது.

நாலு நாடகம், நாலு புத்தகம்

அறுபது வயதைத் தாண்டியபிறகு மில்லர் ஒரு காரியம் செய்தார். 1900-க்கும் 1902-க்கும் இடையில் ஷேக்ஸ்பியரின் நான்கு பெரிய துன்பியல் நாடகங்களைப் பற்றி வரிசையாக நான்கு சிறிய புத்தகங்கள் எழுதினார். மெட்ராஸிலேயே அச்சானவை. பிற்பாடு ஜி.ஏ. நடேசன் நிறுவனம் அவற்றைச் சேர்த்து 'ஷேக்ஸ்பியரின் வாழ்க்கை வரைபடம்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரே நூலாகவும் வெளியிட்டது.

அந்த நான்கின் தலைப்புகளைத் தமிழில் சொன்னாலே போதும், இவை சாதாரண கைடு இல்லை என்று புரிந்துவிடும். லியர் மன்னனும் இந்திய அரசியலும். மேக்பெத்தும் ஆன்மாக்களின் அழிவும். ஒதெல்லோவும் குணத்தின் சிதைவும். ஹாம்லெட்டும் வீணாகும் வாழ்வும்.

வித்தியாசம் என்ன? ஒரு தேர்வுக் கைடு, இயாகோவின் குணநலன்களைப் பட்டியல் போடச் சொல்லும். தந்திரக்காரன், பொறாமைக்காரன், பொய்யன். மூணு பாயிண்ட், மூணு மார்க். மில்லரின் தலைப்போ வேறு பக்கம் விரலை நீட்டுகிறது. கெடுக்க நினைத்தவனை விடுங்கள். அவ்வளவு பெரிய வீரனான ஒதெல்லோ, ஒரு கைக்குட்டையை வைத்துச் சொன்ன பொய்யில் ஏன் நொறுங்கினான்? உள்ளே எது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது? இந்தக் கேள்விக்கு விடை எழுத இயாகோவை மட்டும் பார்த்தால் போதாது. நம்மையும் பார்க்க வேண்டும்.

லியர் இன்னும் சுவாரஸ்யம். கிழட்டு ராஜா, மகள்களின் இனிப்புப் பேச்சை நம்பி ராஜ்யத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, உண்மை பேசிய கடைசி மகளை விரட்டிவிடுகிறார். அந்தக் கதைக்குப் பக்கத்தில் இந்திய அரசியல் என்று 1900-ல் ஒருவர் எழுதுகிறார். காங்கிரஸ் தொடங்கி 15 வருஷம்தான் ஆகியிருக்கிறது. மெட்ராஸ் சட்டசபையிலும் உட்கார்ந்து வந்தவர் மில்லர். முந்நூறு வருஷப் பழைய வேற்று நாட்டு நாடகமல்ல இது, உன் ஊர்ச் சமாசாரம் என்று பையன்களிடம் சொல்வதற்கு இதைவிட நேரான வழி இருக்கிறதா?

பரீட்சையின் தலைவர்

இந்தக் கதையில் ஒரு முரணும் இருக்கிறது. மறைக்க வேண்டாம். 1901 முதல் 1904 வரை மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் யார் தெரியுமா? இதே மில்லர். அதாவது, மாணவனைச் சாவிப் புத்தகத்தைத் தேட வைத்த அதே தேர்வு இயந்திரத்தின் தலைவர். அந்தக் காலப் பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தும் வேலை இல்லை. பாடத்தைக் குறித்துக் கொடுக்கும், தேர்வு வைக்கும், பட்டம் தரும், அவ்வளவுதான். பாடம் நடத்துவது கல்லூரிகளின் பாடு.

அதே காலத்தில்தான் வைஸ்ராய் கர்சன், இந்தியப் பல்கலைக்கழகங்களை ஆராய 1902-ல் ஒரு கமிஷன் போட்டார். மாணவர்கள் மூலநூலைத் தொடாமல் சாவிகளையும் குறிப்புகளையும் உருப்போடுகிறார்கள் என்ற குறை அப்போதே பெரிதாகப் பேசப்பட்டது. 120 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. குறை அப்படியேதான் இருக்கிறது!

ஆக, மில்லர் தேர்வை ஒழிக்கப் புறப்பட்டவர் இல்லை. அவருடைய மாணவர்களும் தேர்வு எழுதினார்கள், தேறினார்கள், உத்தியோகத்துக்குப் போனார்கள். தேர்வுக்கு உள்ளேயே நின்றுகொண்டு, தேர்வு கேட்காத ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால், அது சின்ன வேலை இல்லை.

எண்ணில் வராத ரிசல்ட்

1901-ல், அவர் உயிரோடு இருக்கும்போதே, பழைய மாணவர்களும் நண்பர்களும் கல்லூரிக்கு முன்னால் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1907-ல் ஸ்காட்லாந்து திரும்பினார். 1923-ல் எடின்பரோவில் காலமானார். கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. அங்கே நூலகத்துக்கு மில்லர் பெயர்தான்.

ஆனால், அவருடைய உண்மையான ரிசல்ட்டைச் சிலையில் தேட வேண்டாம். அ. மாதவையாவை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கம் பெருங்குளத்தில் 1872-ல் பிறந்து, இந்தக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதித் தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவரானார். ஒதெல்லோவைத் தழுவி 'உதயலன்' எழுதினார். வேனிஸ் நகரத்துக் கதை கொற்கைக்கு வந்துவிட்டது! 1925 அக்டோபரில் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு அமர்ந்தவர், அந்த இடத்திலேயே உயிர் விட்டார்.

இன்னொருவர் ராதாகிருஷ்ணன். மில்லரின் கடைசி வருஷங்களில் அங்கே மாணவர். மிஷனரிகள் இந்து சமயத்தை விமர்சித்ததற்குப் பதில் தேடிப் புறப்பட்டு, வேதாந்தத்தின் அறவியலைப் பற்றி 1908-ல் எம்.ஏ. ஆய்வேடு எழுதினார். மிஷனரி கல்லூரியிலேயே! எத்தனை பேர் மாறினார்கள் என்று கேட்டவர்களின் கணக்கில் இவர்கள் எல்லோரும் பூஜ்யம். யோசிக்கக் கற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கணக்கே வேறு.

கைடைத் தூக்கிப் போட வேண்டாம்!

சரி, உங்கள் வீட்டுக்கு இதில் என்ன இருக்கிறது? கைடு வாங்காதீர்கள் என்று சொன்னால் அது வாய்ப்பேச்சு. முதல் தலைமுறையாக ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு அது ஊன்றுகோல். வரிசையை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். முதலில் பாடத்தை ஒரு தடவை முழுசாகப் படிக்கட்டும், புரிந்தவரை போதும். அப்புறம் உங்களிடம் கதையாகத் தமிழில் சொல்லட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் இன்னும் நல்லது, பிள்ளை விளக்கமாகச் சொல்லியே ஆக வேண்டும். அதற்குப் பிறகு கைடைத் திறக்கட்டும். இவ்வளவுக்கும் ஒரு பாடத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

கடைசியாக ஒரே ஒரு கேள்வியை நீங்கள் கேளுங்கள். கைடில் இல்லாத கேள்வியாக இருக்க வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. பத்தாம் வகுப்பில் 'தி டெம்பஸ்ட்' கதை வருகிறது. தன்னை நாட்டைவிட்டே துரத்திய தம்பியை, கையில் கிடைத்தபிறகும் மன்னித்து விடுகிறார் பிராஸ்பெரோ. நம்ம சொந்தக்காரங்க யாராவது இப்படிச் செய்திருந்தா நாம மன்னிப்போமா? இந்தக் கேள்விக்கு மார்க் கிடையாது. ஆனால், சாப்பிட உட்காரும் நேரத்தில் இதைக் கேட்டுவிட்டால், அன்று உங்கள் வீட்டில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.